அவர உள்ள விட...

மருத்துவமனையின் இரண்டாம் வாசலில் பார்வையாளர் நேரம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. தன் முறை வந்த பிறகும் அந்த மனிதர் பேசாமல் நின்றார். ஐம்பது வயதிருக்கும். தேய்த்த சட்டைதான், ஆனால் பொத்தானை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருந்ததால் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கிக் கிடந்தது. கையில் எதுவும் இல்லை. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ஒரு தண்ணீர் பாட்டிலாவது கொண்டு வருவார்கள்.

"பாஸ் காட்டுங்க சார்" என்றாள் காவலாளி.

"பாஸ் இல்ல. நாலாவது மாடி, பதினேழாம் நம்பர் ரூம். எங்க அப்பா. நான் மூத்த பையன்."

அவளை எல்லோரும் ரெண்டாம் கேட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்கு வந்து நான்கு மாதம். அதற்கு முன் பதினோரு வருடம் ஒரு துணிக் கம்பெனியின் பேக்கிங் பிரிவில், இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பழகிய தொண்டை அது. இங்கே வந்ததும் இடுப்பில் ஒரு வாக்கி-டாக்கியைக் கட்டிவிட்டு, கத்தாமல் பேசுங்கள் என்றார்கள். பொத்தானை அழுத்தினால் பேசலாம், கேட்க முடியாது. விட்டால் கேட்கலாம், பேச முடியாது. 'எங்க வீட்டுல இப்படி ஒண்ணு இருந்திருந்தா பாதிச் சண்டை நடந்தே இருக்காது' என்று முதல் நாளே சொல்லிச் சிரித்தாள். சொல்லிக் கொடுத்த மேற்பார்வையாளருக்கு 'ஓவர் சார்' என்று பெயர். டீக்கடைக்குப் போன் போட்டு இரண்டு டீ சொன்னாலும், வாக்கி-டாக்கியில் பேச்சு முடிந்ததைச் சொல்வதுபோல், முடிவில் ஓவர் என்பார். "அழுத்துங்க, ஒண்ணு எண்ணுங்க, பேசுங்க. பேசி முடிச்சு ஒண்ணு எண்ணுங்க, அப்புறம் விடுங்க" என்பது அவருடைய பாடம். அவள் இன்றுவரை உதட்டுக்குள் எண்ணுகிறாள். எண்ணாத ஒரே ஆள் கன்ட்ரோல் அறையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சிக்கனம் என்று பட்டப்பெயர். வாய் மூடுவதற்கு முன்பே கட்டைவிரல் எழுந்துவிடும். அவர் பேச்சுக்குத் தலை உண்டு, வால் கிடையாது. 'லிஃப்ட் ரிப்பேர், எல்லாரையும் படியில அனுப்...' என்று வந்தால் மீதியை அவரவர் ஒட்டிக்கொள்வார்கள். அதுவரை யாருக்கும் அதில் நஷ்டம் வந்ததில்லை.

அவள் பொத்தானை அழுத்தி ஒன்று எண்ணினாள். "கன்ட்ரோல், கேட் டூ. பதினேழாம் நம்பர் நோயாளியோட மூத்த மகன்னு ஒருத்தர் வந்திருக்காரு. பாஸ் இல்ல. உள்ள விடலாமா?"

கொஞ்ச நேரம் இரைச்சல். யாரோ காகிதம் புரட்டுகிற சத்தம். பிறகு சிக்கனத்தின் குரல்: "கேட் டூ, அவர உள்ள விட..."

டிக் என்றது. அவ்வளவுதான்.

விடலாமா, விடணுமா, விடக் கூடாதா, விட வேண்டாமா? நம் பேச்சில் ஆம் இல்லை எல்லாம் கடைசியில்தான் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்தக் கடைசி கன்ட்ரோல் அறையிலேயே தங்கிவிட்டது. திரும்பக் கேட்கலாம் என்று கையெடுத்தாள். அதற்குள் வண்டி நிறுத்துமிடத்துக் காவலாளி குறுக்கே வந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வழியை ஒரு வெள்ளைக் கார் மறித்துக்கொண்டு நிற்கிறதாம். வண்டி எண்ணை ஒருமுறை சொன்னார், தப்பென்று இன்னொரு முறை சொன்னார். ஆம்புலன்ஸ் பேச்சு நடக்கும்போது மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. வரிசை பின்னாலிருந்து நெட்டியது. "போறாரா இல்லையாம்மா? எங்க அம்மாவ ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க" என்றது ஒரு குரல்.

அந்த மனிதர் மெல்லச் சொன்னார்: "வேணாம்னா சொல்லிடுங்க. போயிடுறேன்."

இரண்டு முறை சொன்னார். தகராறு செய்கிறவர்களைத்தான் அவளுக்குத் தெரியும். உள்ளே விடாவிட்டால் யாருக்குப் போன் போடுவேன் தெரியுமா என்கிறவர்கள், செத்துக்கொண்டிருக்கிறவரைக் காட்டமாட்டாயா என்று அழுகிறவர்கள். போய்விடுகிறேன் என்று சொல்கிற மகனை இப்போதுதான் பார்க்கிறாள். பாவம், இப்படி ஒரு சாது என்று தோன்றியது. விட என்று ஆரம்பித்தவர் விடத்தானே சொல்லியிருப்பார்? பெற்ற பிள்ளையைத் தடுக்க யாருக்கு மனசு வரும்? நோட்டில் நேரத்தை எழுதிவிட்டு, "போங்க சார்" என்று ஒதுங்கி நின்றாள். அவர் உடனே நகரவில்லை. அவளையே ஒரு கணம் பார்த்தார். பிறகு போனார்.

வெள்ளைக் கார் விவகாரம் முடிந்ததும் சிக்கனம் கேட்டார்: "கேட் டூ, அந்த ஆளு போயிட்டாரா?"

"போயிட்டாருங்க."

"நல்லது."

நல்லது என்றே சொல்லிவிட்டார். அவளுக்கு நெஞ்சு லேசானது. அரை மணி நேரம் கழித்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நீளமான வாக்கியத்தை வாலோடு பேசினார் சிக்கனம்: "யாரக் கேட்டு அந்தாள மேல அனுப்புனீங்க அக்கா, விடக் கூடாதுன்னு வீட்டுக்காரங்க எழுதியே குடுத்திருக்காங்க!"

அவள் மேலே ஓடியபோது பதினேழாம் அறை வாசலிலேயே செவிலியர்கள் இருவர் கூடியிருந்தார்கள். கட்டிலில் பெரியவர், மூக்கையும் வாயையும் மூடிய மாஸ்க், கன்னமெல்லாம் பட்டை அழுத்திய தடம். ஐந்து வாரமாகக் கூடவே இருக்கிற மகள் சுவரோரம் நின்றிருந்தாள். மூத்த மகன் கட்டில்மேல் குனிந்தபடி நின்றார். நிமிர முடியாது. பெரியவரின் வலது கை அவர் சட்டையின் நெஞ்சுப் பக்கத்தைக் கொத்தாகச் சுருட்டிப் பிடித்திருந்தது.

"பாருங்க, தள்ளுறாரு. அப்பா தள்ளுறாரு. இவன் மூஞ்சியில முழிக்கமாட்டேன்னு அவர் வாயாலயே சொன்னது" என்றாள் மகள்.

"தள்ளல. புடிச்சிருக்காரு" என்றார் மூத்த மகன், மெதுவாக.

"அக்கா, நீங்க சொல்லுங்க. நீங்க வெளி ஆளு. தள்ளுறாரா இல்லையா?"

ரெண்டாம் கேட் அக்கா பார்த்தாள். பெரியவரின் முழங்கை மடங்கியும் இல்லை, நீண்டும் இல்லை. இழுப்பதுபோல் இருந்தது, கண்ணைச் சிமிட்டிப் பார்த்தால் நெட்டுவதுபோல் இருந்தது. பெரியவரின் கண்கள் திறந்துதான் இருந்தன. ஆனால் மகனையும் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் எங்கோ இருந்தன. வாசலில் பாஸ் பார்ப்பதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை, இதையெல்லாம் பார்க்கச் சொல்லி யாரும் சம்பளம் தரவில்லை என்று ஒரு நினைப்பு ஓடியது. "சார், வாங்க. கீழ போலாம்" என்று மட்டும் சொன்னாள். கை விடவில்லை. செவிலி ஒருத்தி வந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சுண்டுவிரல் கடைசியாக விட்டது.

லிஃப்டில் அவர்கள் இருவர்தான். மூன்றாம் மாடி தாண்டும்போது அவர் பேசினார்.

"நீங்க திருப்பி அனுப்பிடுவீங்கன்னு நெனச்சுத்தான் வந்தேன்."

"என்ன சார்?"

"எழுதிக் குடுத்திருக்காங்கன்னு எனக்குத் தெரியும். வந்தேன், வாசல்ல தடுத்துட்டாங்கன்னு ஊர்ல சொல்லிக்கலாம். பன்னெண்டு வருஷமா அப்படித்தான் ஏதாவது ஒரு வாசல் கெடைச்சிட்டே இருந்துச்சு."

"அப்ப எதுக்கு சார் உள்ள போனீங்க?"

"நீங்க வழிய விட்டுட்டீங்களேம்மா" என்றார். குறையாகச் சொன்னாரா, நன்றியாகச் சொன்னாரா என்று அவளுக்கு விளங்கவில்லை. கதவு திறந்தது. திரும்பிப் பார்க்காமல் கூட்டத்துக்குள் போனார்.

சாயங்காலம் ஓவர் சார் அறையில் விசாரணை. "விடக் கூடாதுன்னுதான் சார் சொன்னேன். சத்தியமா முழுசாச் சொன்னேன்" என்றார் சிக்கனம்.

"வாய் முழுசாச் சொல்லுச்சு. கட்டைவிரல் சொல்லலையே" என்றார் ஓவர் சார். அவள் பக்கம் திரும்பி, "புரியலைன்னா நிறுத்தி வெச்சிட்டு, கேட்டுட்டே இருக்கணும். புரிஞ்ச மாதிரி நடந்துக்கறதுதான் இந்த வேலையில பெரிய தப்பு" என்றார். இனிமேல் தடை என்றால் முதல் வார்த்தையே 'தடை' என்று வர வேண்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று முடிவானது. இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு எச்சரிக்கைக் கடிதம்.

"சார், ஒரு சந்தேகம்" என்றாள் அவள். "போயிட்டாரான்னு கேட்டாரு. போயிட்டாருன்னேன். அவரு வெளிய போனதக் கேட்டாரு, நான் உள்ள போனதச் சொன்னேன். அதுக்கு என்ன சார் பண்றது?"

ஓவர் சார் பேனாவைத் திறந்தார், எதையோ எழுதப் போனார், மறுபடி மூடினார். நாளைக்குப் பார்க்கலாம் என்றார். ஓவர் சொல்ல மறந்துவிட்டார்.

வீட்டில் புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "கடுதாசி குடுத்தானுங்களா? விடு. தப்பு அந்தக் கன்ட்ரோல் ஆளு மேல" என்றார் அவர், சாப்பிட்டபடியே. அவள் தன் கையை அவர் சட்டையில் வைத்துக் கொத்தாகப் பிடித்து, முதலில் இழுத்தாள், பிறகு தள்ளினாள். "என்னடி இது?" என்றார். "ஒண்ணுமில்ல. எப்படி இருக்கு?" என்றாள். "கிறுக்குப் புடிச்ச மாதிரி இருக்கு" என்றார்.

மறுநாள் காலை பதினேழாம் நம்பர் மகள் படியிறங்கி நேரே இரண்டாம் வாசலுக்கு வந்தாள். திட்ட வருகிறாள் என்று இவள் எழுந்து நின்றுகொண்டாள். மகளுடைய முகத்தில் தூக்கமே இல்லை.

"அப்பாவோட கை ராத்திரி பூரா அப்படியே மூடியே இருந்துச்சு" என்றாள். "நேத்து நீங்க பாத்தீங்கல்ல. தள்ளினாரா, புடிச்சாரா?"

"தெரியலம்மா."

"உங்களுக்குத் தோணினதச் சொல்லுங்க."

"நெஜமாவே தெரியலம்மா. நானும் ராத்திரி முழுக்க அதத்தான் நெனச்சிட்டிருந்தேன்."

மகள் தலையாட்டினாள். ஏதோ ஒரு விதத்தில் அந்தப் பதில் அவளுக்குப் போதுமானதாக இருந்தது போலிருந்தது. பார்வையாளர் நோட்டின் ஓரத்தைக் கிழித்துத் தன் போன் நம்பரை எழுதினாள். "எழுதிக் குடுத்தது எழுதிக் குடுத்ததுதான். அத மாத்தல. ஆனா அவன் வந்தா எனக்குச் சொல்லுங்க. கன்ட்ரோலுக்கு வேணாம், எனக்கு." சொல்லிவிட்டு லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியேறிப் போனாள்.

மதியம் பார்வையாளர் நேரத்துக்கு வரிசை வழக்கம்போல் நீண்டது. பாஸ்களைப் பார்த்து ஒவ்வொருவராக அனுப்பிக்கொண்டிருந்தவள், தலை நிமிர்ந்தபோது தெருவுக்கு எதிர்ப்பக்கம் பேருந்து நிறுத்தத்தில் அவரைக் கண்டாள். அதே சட்டை. இன்றைக்குப் பொத்தான் சரியாக இருந்ததா என்று அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை. கையில் ஒரு பை. மருத்துவமனையைப் பார்த்து நின்றார். பேருந்து வருகிற திசையைப் பார்த்துத் திரும்பினார். மறுபடி இந்தப் பக்கம் திரும்பினார். ஒரு பேருந்து வந்து அவரை மறைத்தது. அது போன பிறகும் அங்கேயே நின்றார். இன்னொன்று வந்தது, போனது, அவர் நின்றார். மூன்றாவதாக ஒரு நீளமான பேருந்து வந்து நின்றது. கூட்டம் முண்டியடித்து ஏறியது, ஜன்னல்களில் முகங்கள் நிறைந்தன. அவள் வாசற்கம்பியைப் பிடித்துக்கொண்டு, நுனிக்காலில் எழும்பி, சக்கரங்களுக்கு இடையில் தெரிந்த கால்களில் அவருடையது எது என்று தேடிக்கொண்டிருந்தாள். பேருந்து இன்னும் நகரவில்லை.