வசூலுக்கு வராத ஜீப்

கிங்ஸ்டனுக்கு மூன்று லட்சம் வந்ததைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அங்கப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. இருவருக்கும் ஊர் மலைமேல் இருக்கிற வெள்ளக்கடைதான். இருவரும் மிளகைக் கால் கிலோ பாக்கெட்டாகப் போட்டு ஆன்லைனில் விற்கிறவர்கள்தான். அங்கப்பன் பேங்குக்குப் போனால் பட்டா கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டரின் மகன் கிங்ஸ்டனுக்கோ எங்கோ இருக்கிற கம்பெனிக்காரன், விற்பனையை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் போட்டான். அந்தப் பணத்தில் பாக்கெட் ஒட்டுகிற மெஷின் வந்தது. பாக்கெட் மேல் தங்க எழுத்தில் கிங்ஸ்டன் பெயர் வந்தது. அதைத்தான் அங்கப்பனால் தாங்க முடியவில்லை.

“வட்டி கெடையாதுங்கண்ணா,” என்றான் கிங்ஸ்டன். “நூறு ரூவாய்க்கு வித்தா பத்து ரூவா எடுத்துக்குவாங்க. மூணு லட்சத்து முப்பதாயிரம் சேர்ற வரைக்கும். விக்கலைன்னா எடுக்கறதில்லீங்க.”

“அப்படித்தான் சொல்லுவான். விக்காட்டி சும்மா இருக்கற கடன்காரன எந்த ஊர்லப்பா பாத்த?”

கிங்ஸ்டன் சிரித்தான். சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

இவன் விற்பனை படுத்தால் கம்பெனி ஜீப் மலையேறி வந்து மெஷினைத் தூக்கிப் போகும் என்று அங்கப்பன் முடிவு கட்டினார். அவரிடம் மிளகு பதினோரு மூட்டை இருந்தது. அந்த வருஷத்து வெள்ளாமை முழுக்க அதுதான். வீட்டுக்குக் கூரை மாற்றவும் அதுதான். கிங்ஸ்டன் பாக்கெட்டை இருநூற்று நாற்பதுக்கு விற்க, தன் பாக்கெட்டை நூற்றெண்பதுக்குப் போடச் சொன்னார்.

போனில் கடையைப் பார்த்துக்கொள்கிற மருமகள் சசிகலா தயங்கினாள். “ஏனுங்க மாமா, கமிஷன், பார்சல் போக நூத்தியிருவது கூட நிக்காதுங்க. பஜார்ல சும்மா கொட்டுனாலே கால் கிலோவுக்கு நூத்தியறுவது வருமுங்க.”

“ஒரு மாசம் போடு சாமி. அவன் படுக்கட்டும்.”

ஆர்டர் கொட்டியது. கிங்ஸ்டன் வீட்டு மெஷின் சத்தம் நின்றது. மேலே ஏறி வருகிற வண்டியையெல்லாம் அங்கப்பன் எட்டிப் பார்த்தார். சுற்றுலா வந்தவர்களின் கார் வந்தது, காஸ் வண்டி வந்தது. ஜீப் மட்டும் வரவில்லை.

மாதம் முடிவதற்குள் மூட்டைகள் முடிந்தன. அனுப்ப வேண்டிய ஆர்டர் இன்னும் நாற்பது இருந்தது. அனுப்பாவிட்டால் ஆன்லைன்காரர்கள் கடையை மூடிவிடுவார்கள். ஊரில் மிளகு மிச்சம் வைத்திருந்தவன் ஒரே ஒருவன்.

கிங்ஸ்டன் முகம் சுளிக்காமல் அன்றைய பஜார் விலைக்குப் பத்து கிலோ நிறுத்துக் கொடுத்தான். “கிலோவுக்கு எம்பது ரூவா ஏறிப்போச்சுங்கண்ணா. நல்லவேளை, போன மாசம் நான் அதிகம் விக்கல.”

“கம்பெனிக்காரன் வரலையா?”

“எதுக்குங்க வரணும்? வித்ததுக்கு நானூறு ரூவா எடுத்துக்கிட்டாங்க. அவ்வளவுதான்.”

அந்த நாற்பது பாக்கெட்டில் மிளகு வாங்கிய விலையும் விற்ற விலையும் ஒன்று. கமிஷனும் பார்சலும் கைக்காசு.

மறுவாரம் போன் வந்தது. அதே கம்பெனி. “சார், ஒரே மாசத்துல உங்க கடை விற்பனை பத்து மடங்கு ஏறியிருக்கு. நாலு லட்சம் வரைக்கும் தரலாம்,” என்றது ஒரு பெண் குரல்.

சசிகலா பதறி அவர் கையைப் பிடித்தாள். “விக்கறதுக்கு ஒரு மணி மிளகு இல்லீங்க மாமா. வேண்டாமுங்க.”

அங்கப்பன் கையை உதறிக்கொண்டார். “ஏனுங்க, கிங்ஸ்டனுக்கு மூணுதானே குடுத்தீங்க?”

“மத்தவங்க விவரம் சொல்லக் கூடாதுங்க சார்.”

“எனக்குத் தெரியும். போடுங்க நாலு,” என்றார். திருப்பி எவ்வளவு கட்ட வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை.