மேல்மாடிக்குக் கேட்கவில்லை

ஸ்பீக்கர் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

பேருந்து நிலைய அறிவிப்பாளர் அதையே முறைத்துக்கொண்டு நின்றாள். பள்ளிவாசலின் மேல்மாடியில் பெண்கள் தொழும் அறை. மூலையில் தொங்கியது அந்தச் சாம்பல் நிறப் பெட்டி. அதன் சுவிட்ச் கீழே, ஆண்கள் பகுதியில், மைக் அலமாரிக்குள். கீழே இருப்பவர்கள் மனது வைத்தால்தான் மேலே இருப்பவர்களுக்குக் காது.

கீழேதான் அவள் அம்மாவும் இருந்தாள். வெள்ளைத் துணி சுற்றி, மரப்பெட்டிக்குள்.

மதியத்து லுஹர் தொழுகை முடிந்த கையோடு அம்மாவுக்கு ஜனாஸா தொழுகை, இறந்தவருக்காகத் தொழும் கடைசித் தொழுகை. அதில் ஜமாஅத்தோடு சேர்ந்து நிற்க வேண்டும். அவளுக்கு இன்று வேண்டியது அது ஒன்றுதான். அடக்கம் செய்யும் மையவாடிக்குப் பெண்கள் வர வேண்டாம் என்று வீட்டு ஆண்கள் முடிவு செய்துவிட்டார்கள். "தொழவாவது விடுங்கடா" என்று காலையில் தம்பியிடம் மல்லுக்கட்டி வாங்கிய இடம் இது. ஸ்பீக்கரைப் போடச் சொல்லியும் அவனை அனுப்பியிருந்தாள்.

அறிவிப்பு சொல்வதே அவள் வேலை. அவள் வாய் திறந்தால் மொத்த நிலையமும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடும். அந்த சுவிட்சை மேலேயே வைத்துக் கொடுங்கள் என்று பள்ளிவாசல் செயலாளரிடம் நடையாய் நடந்து பார்த்துவிட்டாள். "பாத்துக்கலாம்மா" என்பார். பெண்கள் மத்தியில் அவருக்குப் பெயரே பாத்துக்கலாம் பாய்தான்.

அம்மா மட்டும் இதற்கெல்லாம் அலட்டிக்கொண்டதில்லை. மூட்டு வலியோடு படியேறி வந்து, வெறும் பாதத்தைத் தரையில் அழுத்திக்கொண்டு நிற்பாள். "கீழ இருக்கிறவங்க காதால தொழறாங்க, நாம காலால தொழறோம். தரை அதிருதா? ஸஜ்தாவுக்குப் போயாச்சு. ம், குனி."

அத்தனை ஆண்களும் ஒரே மூச்சில் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்தால் மேல்மாடித் தரை லேசாக அதிரும். இன்று லுஹரையும் அப்படித்தான், பாதத்தில் கேட்டுத் தொழுது முடித்தார்கள். பிறகு கீழே எல்லோரும் எழுந்து நிற்பது தெரிந்தது.

அதோடு சரி. சத்தமில்லை, அசைவில்லை.

"ஆரம்பிச்சாங்களா இல்லையாடி?" சித்தி கிசுகிசுத்தாள். அம்மாவின் தங்கை. அழுதழுது குரல் கம்மியிருந்தது.

"வரிசை கட்டுறாங்க போல சித்தி."

"இவ்வளவு நேரமா? கல்யாணத்துக்குப் பந்தி போடறாங்களா என்ன?"

தம்பிக்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தான். செயலாளருக்குப் போட்டாள். அதுவும் அப்படியே. இறங்கி ஓடிக் கேட்டுவிட்டு வரலாம். ஆனால் படியில் இருக்கும்போது தொழுகை தொடங்கிவிட்டால்? காலை ஊன்றிக்கொண்டு நின்றாள். தரை அதிரட்டும், அதிரட்டும் என்று காத்திருந்தாள்.

சட்டென்று அவளுக்கு உறைத்தது.

ஜனாஸா தொழுகையில் குனிவது கிடையாது. ஸஜ்தா கிடையாது. நின்ற நிலையிலேயே 'அல்லாஹு அக்பர்' என்று நான்கு தக்பீர், பிறகு ஸலாம், அவ்வளவுதான். தரை எதற்காக அதிரும்?

அந்த நொடியில் தரை அதிர்ந்தது. கலைந்து போகும் காலடிகள்.

ஜன்னலுக்குப் பாய்ந்தாள். அம்மாவின் பெட்டி தோள்களில் ஏறி வெளியே வந்துகொண்டிருந்தது. முன்னால் தம்பி. வாசலில் கதவைத் திறந்தபடி ஜனாஸா வண்டி.

செருப்பைத் தேட நேரமில்லை. படிகளைத் தாவி இறங்கி, முற்றத்தில் நின்று கத்தினாள். "நிறுத்துங்க!"

பேருந்துகளைக் கிளப்பிவிட்டே பழகிய குரல். ஊர்வலம் அப்படியே நின்றது.

தம்பி திரும்பிப் பார்த்தான். "என்னக்கா இது, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். ஸ்பீக்கரைப் போட்டியா?"

"நான் பாய்கிட்ட சொன்னேனே..."

செயலாளர் தொப்பியைச் சரிசெய்தார். "தம்பி போட்டிருப்பாருன்னு நான் நினைச்சேன். கூட்டத்துல விட்டுப்போச்சும்மா. அடுத்த தடவை கண்டிப்பா போட்டுடலாம்."

"எங்கம்மா அடுத்த தடவை மௌத் ஆனா சொல்லி அனுப்பறேன் பாய்."

யாரோ சிரிக்கப் போய் இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

"பெட்டியை இறக்குங்க. நாங்க இன்னும் தொழல."

"முடிஞ்சு போச்சேம்மா. அங்க குழி வெட்டினவங்க வெயில்ல நிக்கறாங்க. வீட்ல உக்காந்து துஆ கேளுங்க, அதுவும் போய்ச் சேரும்."

"பஸ்ஸை விட்டவங்களுக்கு அடுத்த பஸ்ஸைக் காட்டறதுதான் பாய் என் பொழப்பு. இங்க எந்த பஸ்ஸைக் காட்டச் சொல்றீங்க?" பதிலுக்குக் காத்திராமல் இமாமின் பக்கம் திரும்பினாள். "ஹஸ்ரத், தொழுகையைத் தவறவிட்டவங்க தொழலாமா, கூடாதா?"

இமாம் செயலாளரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தொழாதவங்க தொழலாம்மா. நம்ம வழக்கத்துல அதுக்கு இடமிருக்கு. ஆனா நாங்க தொழுதுட்டோம், மறுபடி நின்னு தொழவைக்க முடியாது. தொழாத ஆம்பளை யாராவது இருந்தா முன்னாடி நிக்கட்டும்."

முற்றத்து ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோரும் தொழுதவர்கள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை தூரம் வந்து இதற்கா?

வண்டியின் பக்கத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது. டிரைவர்.

"நான் தொழல. உள்ள போகலாம்னு பாத்தா, ரோட்டை அடைக்காதே, வண்டியை நகத்துன்னு விரட்டிக்கிட்டே இருந்தாங்க."

"தொழவைக்கத் தெரியுமாப்பா?" என்றார் செயலாளர்.

"நல்லாக் கேட்டீங்க. நான் ஓட்டறதே இந்த வண்டிதானே."

தம்பி பெட்டியை இறக்க முதலில் குனிந்தான். டிரைவர் அவசரமாகக் கை கால் கழுவிவிட்டு வந்து முன்னால் நின்றார். செருப்பு அலமாரியை ஒட்டி, மேலிருந்து இறங்கி வந்த பெண்கள் ஒரே வரிசை. தொழுது முடித்த ஆண்கள் சூடு தாங்காமல் கால் மாற்றிக்கொண்டு படிகளில் காத்திருந்தார்கள். இன்று ஒரு நாள் அவர்கள் காத்திருக்கட்டும்.

"அல்லாஹு அக்பர்!"

தெருமுனை வரை போயிருக்கும் அந்தக் குரல். அறிவிப்பாளர் கைகளைக் கட்டினாள். நான்கு தக்பீரும் ஒன்று விடாமல் காதில் விழுந்தன.

ஸலாம் கொடுத்ததும் பெட்டி வண்டியில் ஏறியது. வண்டி போய்விட்டது. முற்றம் காலி.

செருப்பையும் பையையும் எடுக்கச் சித்தியோடு மேல்மாடிக்கு ஏறினாள். உள்ளே கால் வைத்ததும் மூலையில் அந்தச் சாம்பல் பெட்டி கரகரத்தது.

"ஹலோ... மைக் டெஸ்ட்... பெண்கள் பகுதி... கேக்குதாம்மா?"

மையவாடிக்குப் போகாமல் பின்தங்கியிருந்த பாத்துக்கலாம் பாய்.

"கேக்குதுன்னு சொல்லேன்டி" என்றாள் சித்தி.

"எதுல சித்தி சொல்றது? அது அவர் பேசறதுக்கு மட்டும்தான்."

"ஹலோ... கேக்குதா? பதிலே காணோமே. கேக்குதாம்மா?"

அறிவிப்பாளர் பையைக் கீழே வைத்தாள். வலது காலைத் தூக்கி, அம்மா வழக்கமாக நிற்கும் இடத்தில், இருந்த பலத்தையெல்லாம் கூட்டித் தரையை ஓங்கி மிதித்தாள்.