சோத்துக்கைப் பக்கம்

ஒரு வாரம் தங்க வந்த நாத்தனார் எங்கள் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டாள். அன்று மாலைக் கப்பலில் அவளை ஏற்றிவிட்டால்தான் என் அடுப்படி எனக்குத் திரும்பக் கிடைக்கும். துறைமுகமோ நாட்டின் மறுகோடியில் இருந்தது. விடிந்ததிலிருந்து காரில் மூவரும் முறைத்துக்கொண்டே வந்தோம்.

"உன் பொண்டாட்டி போட்ட டீ வெறும் வெந்நீர்டா தம்பி" என்றாள் பின்சீட்டிலிருந்து.

"அப்ப ஃபிளாஸ்க்க ஏன் அண்ணி காலி பண்ணீங்க?" என்றேன்.

போனில் சிக்னல் போனதும் ஒரு பஞ்சர் கடைக்காரரிடம் வழி கேட்டோம்.

"முன்னாடி ரோடு ரெண்டா பிரியும். சோத்துக்கைப் பக்கம் திரும்புங்க" என்றார்.

என் கணவர் இடதுகைக்காரர். சாப்பிடுவதும் அந்தக் கையால்தான். சாலை பிரிந்ததும் காரை இடது பக்கம் ஒடித்தார்.

"ஏங்க, வலது பக்கம்."

"நான் எந்தக் கையால சாப்பிடுறேன்னு எனக்குத் தெரியாதா? வாய மூடிட்டு வா."

"நல்லாக் கேளுடா" என்றாள் நாத்தனார்.

அந்தச் சாலை ஒரு கல்குவாரியின் பூட்டிய கேட்டில் போய் முடிந்தது. திரும்பி வழி கண்டுபிடிப்பதற்குள் தூரத்தில் கப்பல் சங்கு ஊதியது. எனக்கே ஊதியதுபோல் இருந்தது.

நாத்தனார் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டாள். "விடுடா தம்பி. அடுத்த கப்பல் ஒரு மாசம் கழிச்சுத்தானே. வீட்டுக்கே போவோம்."

அவர் காரை வீட்டுப் பக்கம் திருப்பினார்.

"இனிமே எந்தக் கையால வேணும்னாலும் சாப்பிடுங்க" என்றேன். "ஆனா சோத்த நீங்களே ஆக்கணும். அண்ணிக்கும் சேர்த்து."