கேட்காமல் நிறுத்திய வேலை

அலுவலகத்தில் அவரை எல்லோரும் சிசிடிவி என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை, உள்ளூர அதில் ஒரு பெருமைகூட உண்டு.

கட்டட வரைபடங்கள் போடும் நிறுவனம் அது. வரைந்த கட்டடம் எழும்பி நின்றால் எப்படி இருக்கும் என்று வீடியோவாகக் காட்டுவதற்காகப் பின்னறையில், குளிரூட்டிய கண்ணாடிக் கதவுக்குள், ஒரு பெரிய சர்வர் இருந்தது. எல்லோருடைய கனமான வேலைகளும் அதில்தான் ஓடும். அதைக் கட்டி மேய்ப்பது அவர் பொறுப்பு.

அவர் மேசைத் திரையில் சிஸ்டம் மானிட்டர் எந்நேரமும் திறந்தே கிடக்கும். சர்வரில் ஓடும் ஒவ்வொரு வேலைக்கும் அதில் ஒரு வரி. யார் ஓட்டுகிறார்கள், என்ன புரோகிராம், எவ்வளவு சக்தியைத் தின்கிறது எல்லாம் தெரியும். அதிகம் தின்பது மேலே வந்து நிற்கும். டீ கோப்பையோடு அவர் பின்னால் வந்து நின்று, "என்ன சிசிடிவி, இன்னைக்கு யாரு தலை உருளுது?" என்று கேட்பார்கள். அவர் வாய் நிறையச் சொல்வார். யார் வேலை நேரத்தில் சினிமா பார்க்கிறார்கள், யார் வரைபடத்தைத் திறந்து வைத்துவிட்டுக் காலையிலிருந்து ஒரு கோடுகூடப் போடவில்லை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுத் தங்கள் இடத்துக்குப் போய் அவசரமாக எதையாவது மூடுவார்கள். அதையும் அவர் திரையில் பார்ப்பார்.

அன்று பிற்பகல் சர்வர் நொண்டியடித்தது. ஒரு பள்ளிக் கட்டடத்தின் வீடியோ முடிந்தாக வேண்டும். கட்டச் சொன்னவர்கள் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். மேனேஜர் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு வந்து நின்றார்.

"என்னங்க இது, பாதிகூட ஓடல. அவங்க கீழ வண்டிய நிறுத்திட்டாங்க."

"பாத்துக்கிறேன் சார்."

பட்டியலின் உச்சியில் ஒரு வரி இருந்தது. அவர் கேள்விப்படாத புரோகிராம். ஓட்டுவது யார் என்று பார்த்தால் மாடிப்படி மேடம்.

அலுவலகத்தின் எல்லாக் கட்டடங்களுக்கும் மாடிப்படி வரைவது அந்தப் பெண்தான். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. அதிர்ந்து பேசாதவர். அன்று விடுப்பில் இருந்தார். அவருடைய அப்பாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் என்று யாரோ பேசிக்கொண்டது சிசிடிவியின் காதிலும் விழுந்திருந்தது.

வரியின் மேல் சொடுக்கி, 'நிறுத்து' என்பதை அழுத்தினார். சேமிக்காததெல்லாம் போய்விடும், நிறுத்தட்டுமா என்று மானிட்டர் கேட்டது. போன் முழங்கைக்குப் பக்கத்தில் கிடந்தது. மேடத்தின் எண்ணும் அதில் இருந்தது. சிசிடிவி ஆம் என்றார். வரி மறைந்தது.

கொஞ்ச நேரத்தில் சர்வர் நிமிர்ந்துகொண்டது. வீடியோ முடிந்தது, வந்தவர்கள் திருப்தியாகப் போனார்கள். மேனேஜர் எல்லோரையும் கூட்ட அறைக்கு அழைத்து, என்ன கோளாறு என்று விசாரித்தார்.

"ஒருத்தர் சொந்த வேலைய ஓட்டிட்டு இருந்தாங்க சார்," என்று சிசிடிவி மேடத்தின் பெயரைச் சொன்னார்.

"நிறுத்தறதுக்கு முன்னாடி கேட்டீங்களா?"

சும்மா கேட்ட கேள்விதான். இல்லை என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும்.

"கேட்டேன் சார். போன் எடுக்கல."

எங்கிருந்து வந்தது அந்தப் பொய் என்று அவருக்கே விளங்கவில்லை. நாக்கில் எண்ணெய் தடவி வைத்ததுபோல் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

"அவங்க அப்படிப்பட்ட ஆள் இல்லையே," என்று யாரோ மெல்லச் சொன்னார்கள்.

"ஆளு எப்படியோ, திரை பொய் சொல்லாதுல்ல?" என்றார் சிசிடிவி. சிலர் சிரித்தார்கள். சர்வரைப் பயன்படுத்த மாடிப்படி மேடத்துக்கு இருந்த அனுமதியை அன்றே எடுத்துவிடச் சொன்னார் மேனேஜர்.

மேடம் வேலைக்குத் திரும்பிய அன்று மேனேஜர் அறைக்குள் போனார், வெளியே வந்தார், தன் இடத்தில் உட்கார்ந்து ஒரு மாடிப்படி வரைந்தார். சிசிடிவி பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

அந்த வாரமே சர்வர் மறுபடியும் நொண்டியது. இந்த முறை பட்டியலில் அசாதாரணமான பெயர் எதுவும் இல்லை. ஆனால் ஹார்ட் டிஸ்க் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரிந்த எந்த வேலையும் அதை அவ்வளவாகத் தொடவில்லை. அப்படியென்றால் தொடுவது யார்? மேலும் கீழும் தேடியவரின் கண்ணில், மானிட்டரின் மூலையில் ஒரு சின்ன டிக் பட்டது. 'என் வேலைகளை மறை.' எப்போதோ அவரே போட்டு வைத்தது. மற்றவர்களைப் பார்க்கும்போது தன்னுடையது குறுக்கே நிற்க வேண்டாம் என்று போட்டது.

டிக்கை எடுத்தார். அவருடைய பெயர் உச்சியில் வந்து உட்கார்ந்தது.

எல்லா ஃபைல்களையும் நகலெடுத்து வைக்கும் பேக்கப் அது. எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு ஓட வேண்டியது. சமீபத்தில் நேரத்தை மாற்றியபோது இரவையும் பகலையும் குழப்பியிருந்தார். பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தார். அன்றும் இதேதான் ஓடியிருக்கிறது. தன் வேலை முடிந்ததும் தானாக நின்றிருக்கிறது. அதனால்தான் சர்வர் நிமிர்ந்திருக்கிறது.

மேடத்தின் வேலையோ ஆகக் கீழான முன்னுரிமையில் வைக்கப்பட்டிருந்தது. யாருக்கும் தேவைப்படாத சக்தியை மட்டும் எடுத்துக்கொள், யார் வந்தாலும் ஒதுங்கிக்கொள் என்று மேடமே அப்படி வைத்திருக்கிறார். டிஸ்க்குக்காக மற்ற வேலைகள் காத்துக் கிடந்தபோது, சும்மா இருந்த சக்தியை அது எடுத்திருக்கிறது. மேலே தெரிந்தது அதனால்தான்.

சிசிடிவிக்குக் காது மடல் சுட்டது. அப்போதாவது எழுந்து போய் மேனேஜரிடம் சொல்லியிருக்கலாம். போகவில்லை. மேடத்தின் ஃபோல்டரைத் திறந்தார். என்ன வேலை என்று தெரிந்துகொள்ளத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உண்மையில், சாக்குச் சொல்ல ஏதாவது தப்பானது கிடைக்காதா என்ற நப்பாசை.

உள்ளே முழுக்க ஒலிப்பதிவுகள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒன்றைத் தட்டினார்.

"மழை வர்ற மாதிரி இருக்கு. குடைய எடுத்துட்டுப் போ," என்று வயதான ஒரு குரல் எழுத்துக் கூட்டி வாசிப்பதுபோல் நிதானமாகச் சொன்னது. உடனே, "யாரும்மா இத எழுதுனது? நம்ம வீட்டுல குடையே கிடையாதே," என்றது. ஒரு பெண் சிரித்தாள். மேடம் சிரித்து அவர் கேட்டதே இல்லை. இன்னொன்றில் அதே குரல், "இன்னும் எவ்வளவும்மா இருக்கு? தொண்டை வறளுது," என்றது. "கொஞ்சம்தான்ப்பா. எல்லாச் சத்தமும் வரணும். அப்பதான் கம்ப்யூட்டர் உங்கள மாதிரியே பேசும்."

ஹெட்போனைக் கழற்றி வைத்தார். ஆபரேஷனில் போகப்போகும் குரலைக் கம்ப்யூட்டருக்குப் பழக்கிக்கொண்டிருந்திருக்கிறாள் மகள். அதைத்தான் ஒரு சொடுக்கில் நிறுத்தியிருக்கிறார்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது மனைவியிடம் சொன்னார். அவள் பரிமாறிய கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஒரு வார்த்த கேட்டிருந்தா என்ன கொறஞ்சு போயிருப்பீங்க?"

"நாளைக்குச் சொல்லிடறேன்."

"நாளைக்குச் சொல்றவரு இப்ப எதுக்குத் தட்டுல கோலம் போட்டுக்கிட்டிருக்கீங்க?"

மறுநாள் முதலில் மேனேஜரிடம் போனார். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "அதான் முடிஞ்சு போச்சே. திரும்பக் கிளறாதீங்க. அவங்க அனுமதிய மட்டும் சத்தமில்லாம குடுத்துடுங்க," என்றார். அதைக் கேட்டதும் சிசிடிவிக்கு 'அப்பாடா' என்று இருந்தது. அப்படி இருந்ததை நினைத்துத்தான் அவர் அதிகம் கூசிப்போனார்.

டீ நேரத்தில் எல்லோரும் கூடியிருந்தபோது எழுந்து நின்றார்.

"அன்னைக்கு சர்வர் நொண்டுனது மேடத்தால இல்ல. என்னோட பேக்கப்பால. நான் அவங்களுக்குப் போனும் பண்ணல. பண்ணேன்னு பொய் சொன்னேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவருக்குக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மேடம் தரையைப் பார்த்தபடி பேசினார். "அப்பா ஆஸ்பத்திரியிலேருந்து வர்றதுக்குள்ள அது முடிஞ்சிருக்கணும்னு பாத்தேன். அவரோட குரல்ல பேசற மாதிரி ஒண்ணு. வந்தாரு. வாசல்ல நின்னு எதையோ சொல்ல வாயத் திறந்தாரு. அப்புறம் ஞாபகம் வந்து கைய மட்டும் ஆட்டிட்டு உள்ள போயிட்டாரு." தலையை நிமிர்த்தினார். "அனுமதி கேக்காம ஓட்டுனது என் தப்பு. மத்ததெல்லாம் உங்களோடது."

"இப்பவே மறுபடி ஓட விடறேன் மேடம். நான் பக்கத்துலயே இருந்து பாத்துக்கிறேன்."

"பாக்க வேண்டாம்," என்றார் அவர். "விட்டுடுங்க, போதும்."

விட்டுவிட்டார். அனுமதியைத் திருப்பிக் கொடுத்தார், பேக்கப் நேரத்தைத் திருத்தினார். தன் வேலைகளை மறைக்கும் டிக்கை மறுபடி போடவில்லை. யாராவது கோப்பையோடு பின்னால் வந்து நின்றால், திரையைச் சுருக்கிவிட்டு வேறு பேச்சு பேசினார். ஃபோல்டரைத் திறந்து கேட்டதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் மிச்சம் இருந்தது.

சில வாரங்கள் போயின. ஒரு காலை மேசை போன் அடித்தது. எடுத்தார்.

"வணக்கம். மாடிப்படி வரையற பொண்ணோட அப்பா பேசறேன்," என்றது அந்தக் குரல்.

சிசிடிவி தன்னையறியாமல் நாற்காலியை விட்டு எழுந்தார். மறுமுனையில் கீபோர்டு விசைகள் தட்டப்படுவது கேட்டது.

"என் குரல நிறுத்துனது நீங்கதானா?"

"ஆமாங்கய்யா. மன்னிச்சுக்குங்க."

மறுபடி தட்டும் சத்தம். "அது போகட்டும். ஒரு உண்மை வேணும். குரல் எப்படி இருக்கு? வீட்டுல எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்வாங்க. உங்களுக்கு அந்த அவசியம் இல்ல."

உண்மையைக் கேட்கிறாரே என்று உண்மையையே சொல்லிவிட்டார். "அப்படியே இருக்குங்கய்யா. கொஞ்சம் வேகம்தான் கூட. நீங்க இன்னும் நிதானமாப் பேசுவீங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. மறுமுனையில் தட்டும் சத்தம் மெல்லத் தொடங்கியது.

"நாம பேசுனதே இல்லையே."

"உங்க பொண்ணோட ஃபோல்டரைத் திறந்து பாத்தேங்க. யார்கிட்டயும் கேக்காம, அதுல இருந்த உங்க பேச்சையும் கேட்டேன்."

"குடையுமா?"

"குடையும்தாங்கய்யா."

மறுமுனையில் மறுபடி விசைகள் தட்டப்பட்டன. "அவகிட்ட சொல்லியாச்சா?"

"இல்லங்க."

"சொல்லிடுங்க. என் வாயால தெரிஞ்சா அவளுக்குக் கோவம் ரெட்டிப்பாகும். உங்க மேல மட்டும் இல்ல, உங்களுக்குப் போன் பண்ணுன என் மேலயும்தான்."

போன் வைக்கப்பட்டது. சிசிடிவி மேடத்தின் இடத்துக்கு நடந்தார். மேடம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு படிக்கட்டின் திருப்பத்தை வரைந்துகொண்டிருந்தார். சிசிடிவி அவர் திரையைப் பார்க்கவில்லை. பக்கத்தில், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவராகத் தலை நிமிரும்வரை நின்றார்.

"என்ன?" என்றார் மேடம், ஹெட்போனைக் கழற்றி.

"இன்னொண்ணும் இருக்குங்க. அன்னைக்கு அதச் சொல்லல," என்று அவர் தொடங்கினார்.