டொக்டர் தம்பியின் பாடத்தெரிவு

என்னைப் போல ஒரு புளுகனைப் பெற்றெடுக்க எங்கள் ஊர் வாகரை என்ன பாவம் செய்ததோ தெரியாது. பதினெட்டு வயதில் நான் ஒரு முகாமுக்கே டொக்டராக இருந்தேன். நோயும் தெரியாது, மருந்தும் தெரியாது, இரசாயனவியலில் ஒன்பது புள்ளி. ஆனாலும் சனிக்கிழமை காலையில் நான் போய் இறங்கினால் சனம் வரிசையில் நின்றது.

எல்லாம் 2004 மார்கழியில் தொடங்கியது. சாதாரண தரப் பரீட்சை எழுதி இரண்டு கிழமைக்குள் சுனாமிக் கடல் வந்து எங்கள் வீட்டை வழித்துக்கொண்டு போனது. அம்மாவும் நானும் நிவாரண முகாமில் தறப்பாள் கொட்டிலில் இருந்தபோதுதான் பெறுபேறு வந்தது. தமிழுக்கு ‘ஏ’, விஞ்ஞானத்துக்கு ‘பி’. அம்மாவின் கண்ணில் அந்த ‘பி’ மட்டும்தான் பட்டது.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது அப்பா காய்ச்சலில் செத்தார். சண்டைக் காலம், ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதை பூட்டு. பாதை திறக்கட்டும் என்று மூன்று நாள் பார்த்திருந்தோம். நாலாம் நாள் பாதை திறந்தது, அப்பா இல்லை. அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே எண்ணம். எந்தப் பாதை பூட்டினாலும் வீட்டுக்குள்ளே ஒரு டொக்டர் இருக்க வேண்டும். இருந்த ஒரே பிள்ளை நான்.

“என்ட மகன் பயோ எடுக்கப் போறார்” என்று அம்மா ஒரு கொட்டில் விடாமல் சொல்லிவிட்டு வந்தார். எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை உயர்தரத்துக்குப் பயோ, அதாவது உயிரியல், எடுத்தால் போதும், சனம் அன்றைக்கே பட்டம் கொடுத்துவிடும், படிப்பெல்லாம் பிறகு. அடுத்த நாள் தண்ணீர் பவுசரடியில் எனக்கு இடம் விட்டார்கள். “டொக்டருக்கு வழிய விடுங்க” என்றார் ஒரு கிழவர். எனக்கும் அது கேட்க நல்லாய்த்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

வாகரையில் அப்போது உயர்தரத்துக்கு விஞ்ஞானப் பிரிவு இல்லை. மட்டக்களப்பு டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, விடுதியில் தங்கினேன். போகுமுன் நிவாரண மட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து அதில் ஒரு திட்டம் கீறினேன். உயர்தரப் பரீட்சை எழுத ஆளுக்கு மூன்று தடவை, ஷை என்போம்: முதலாம் ஷை பழக்கத்துக்கு, இரண்டாம் ஷை மருத்துவ பீடத்துக்கு, அவசரத்துக்கு மூன்றாம் ஷையும் இருக்கு. மருத்துவ பீடம் போக எங்கள் மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி குறைவு, ஆகவே இசட் புள்ளி இவ்வளவு போதும் என்று சிவப்புப் பேனையால் வட்டம் போட்டேன். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத்தான் தெரியும்; அந்த வட்டத்தைத் தடவிப் பார்த்தார். அந்த மட்டையில் எல்லாம் இருந்தது. நான் எப்போது படிப்பது என்பது மட்டும் எழுதியிருக்கவில்லை.

முதலாம் தவணை வந்தது. உயிரியல் இருபத்திமூன்று, பௌதிகவியல் பதினொன்று, இரசாயனவியல் ஒன்பது. மூன்றையும் கூட்டினால்தான் ஒரு பாடம் சித்தியடையலாம். உயர்தரப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் பிறெண்டா ரீச்சர். டவுனிலேயே பிறந்து வளர்ந்த பறங்கிப் பெண்மணி, புவியியல் படிப்பித்தவர். என்னைக் கூப்பிட்டு அறிக்கையை மேசையில் போட்டார்.

“திவாகரன், இந்தப் பாடம் உனக்கா, உன்ட அம்மாக்கா?”

“அம்மாக்கு, ரீச்சர்.”

“அப்ப அம்மாவக் கூட்டிவந்து வகுப்பு வாங்கில இருத்து. நீ போய் உனக்கு வாற பாடத்தப் படி.”

பிறகு பல்கலைக்கழகக் கைநூலை எடுத்து, கலைப்பிரிவுப் பக்கத்தை விரித்து, விரலை வைத்துக் காட்டினார். தமிழ், புவியியல், நாடகமும் அரங்கியலும். இந்த மூன்றும் எடுத்தால் எந்தெந்தக் கம்பசில் எந்தெந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்று அரை மணித்தியாலம் பொறுமையாகச் சொன்னார். என் மட்டைத் திட்டத்தில் இல்லாத விளக்கம் அது. “பாடம் மாத்திற படிவத்தில அம்மாட கையெழுத்து வேணும், கண்டியோ” என்று சொல்லித் தாளையும் தந்தார்.

வாகரைக்குப் போனேன். அம்மா கேட்டார், “இது என்னத்துக்கு மகன்?” ஆய்வுகூடத்துச் சாமான் எடுக்க என்றேன். அவ்வளவு லேசாக வந்தது. அம்மா என் முகத்தைப் பார்த்தார், தாளைப் பார்க்கவில்லை. பேனையை இறுக்கிப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, இரத்தினம்மா என்று ஒவ்வொரு எழுத்தாக எழுதிக் கொடுத்தார். சீ, என்ன பிறவி நான்!

கலைப்பிரிவில் நான் வகுப்பில் முதலாம் ஆள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சொல்ல ஆள் இல்லாமல் இரண்டு வருடம் வைத்திருந்ததால் சொல்கிறேன். நாடகத்தில் எண்பத்தியெட்டு எடுத்த நாளில், அம்மா தொலைபேசியில் “தவளையெல்லாம் வெட்டியாச்சா?” என்று கேட்டார். “வெட்டியாச்சு” என்றேன்.

2007 தொடக்கத்தில் சண்டை வாகரையைக் காலி செய்தது. சனம் காட்டாலும் களப்பாலும் வந்துகொண்டிருந்தது. இரண்டு கிழமை அம்மா எங்கே என்று தெரியாது. அந்த நாட்களில் நான் கடவுளோடு ஒரு ஒப்பந்தம் செய்தேன். அம்மாவைக் காட்டு, அன்றைக்கே உண்மையைச் சொல்கிறேன். கடவுள் தன் பங்கைச் செய்தார். நாவற்குடாப் பக்கத்து முகாமில் அம்மா இருந்தார், பாதியாகத் தேய்ந்து, காலெல்லாம் புண். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்துக் கொட்டில்காரரைக் கூப்பிட்டார். “இவர்தான் என்ட மகன். டொக்டருக்குப் படிக்கிறார்.” வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஏழு பேர் வந்தார்கள். அதற்கடுத்த சனிக்கிழமை இருபது. அம்மா வாளியைக் கவிழ்த்து எனக்கு ஆசனம் போட்டு, வரிசையை ஒழுங்குபடுத்தி, “ஒவ்வொருத்தரா வாங்க, மகனுக்குக் களைப்பு” என்று அதட்டினார். மாதக்கணக்கில் அம்மாவை அப்படித் தெம்பாக நான் காணவில்லை. நான் நாடியைப் பிடித்தேன். நாடி எங்கே துடிக்கும் என்று தெரியாமல் மணிக்கட்டு முழுக்கப் பிடித்தேன். கொஞ்சம் யோசிப்பது போல வானத்தைப் பார்த்தேன். பிறகு எல்லாருக்கும் ஒரே மருந்து: “கொதிச்சாறின தண்ணி குடியுங்க.” நாரிக்குத்துக்கும் அது, தலைச்சுற்றுக்கும் அது. கொதித்தாறிய தண்ணீரால் யாருக்கும் கெடுதல் வராது என்பதுதான் என் மருத்துவ அறிவு முழுக்க. நாடகச் செய்முறைப் பரீட்சைக்கு இதைவிட நல்ல ஒத்திகை கிடைக்காது என்று விடுதியில் சொல்லிச் சிரித்தேன்கூட.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பக்கத்துக் கொட்டில் புஸ்பம் அக்கா மகள் விதுர்ஷாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆறு வயது. இரண்டு நாளாக அனல் போலக் காய்ச்சல்.

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவா தம்பி?”

நான் நெற்றியைத் தொட்டேன். வானத்தைப் பார்த்தேன். “சும்மா காய்ச்சல்தான் அக்கா. பனடோல் குடுங்க. கொதிச்சாறின தண்ணி குடுங்க. ரெண்டு நாளில விடும்.”

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் முகாமுக்குப் போனேன். புஸ்பம் அக்கா ஓடி வந்தார். “நீங்க சொன்ன மாதிரியே காய்ச்சல் விட்டுட்டு தம்பி, தேகம் பச்சத்தண்ணி மாதிரிக் கிடக்கு!” அம்மா வாசலில் நின்று சிரித்தார். எனக்கும் நெஞ்சு ஒரு அங்குலம் விரிந்தது. உள்ளே போனேன். பிள்ளை சுருண்டு கிடந்தாள். கை ஐஸ் போல இருந்தது. வயிற்றைப் பிடித்து முனகினாள். கையில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். அது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அப்பா அந்த நாலாம் நாள் காலையில் இப்படித்தான் கிடந்தார்.

“தூக்குங்க அக்கா! ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க!” என்று கத்தினேன். டொக்டர் தம்பி சொன்னால் மறு பேச்சு இல்லை. றோட்டால் போன இப்றாஹிம் நானாவின் ஓட்டோவை மறித்து நாலு பேரும் ஏறினோம். ஆமிக்காரர் சென்றிப் பொயின்ரில் மறித்தபோது நானா இறங்கிப் போய்க் கெஞ்சினார். வழியெல்லாம் அம்மா, “பயப்படாத புஸ்பம், என்ட மகன் இரிக்கான்” என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் ஓட்டோவின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

பிள்ளையை உள்ளே ஓட்டமாகக் கொண்டுபோனார்கள். சேலைன் ஏறியது. கன நேரத்துக்குப் பிறகு ஒரு டொக்டர் வந்தார், இளம் ஆள், கண்கள் சிவந்திருந்தன. “டெங்கு. காய்ச்சல் விட்டாப்பிறகுதான் ஆபத்து. சனிக்கிழமையே ஏன் கொண்டுவரல்ல?”

புஸ்பம் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் காட்டினார். “இந்த டொக்டர் தம்பிதான் பாத்தவர், ஐயா.”

“டொக்டரா? எந்தக் கம்பஸ்?”

“இன்னும் ஏ.எல். பரீட்சையே எடுக்கல்ல, சேர்.”

“பயோவா?”

“ஓம் ஐயா, பயோ” என்றார் அம்மா, எனக்கு முந்தி.

டொக்டர் என்னையே பார்த்தார். “அப்ப சொல்லு. இரத்தச் சிறுதட்டு என்ன செய்யும்?”

உயிரியல் படிக்கிற எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த கேள்வி. அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். மகன் ஒரு பெரிய மனுசனுக்குப் பதில் சொல்லப் போகிறான் என்ற பூரிப்பு அந்த முகத்தில் இருந்தது. ஒரு வசனம், ஒரு நடிப்பு, ஏதாவது வராதா என்று தேடினேன்.

“எனக்குத் தெரியா, சேர். நான் பயோ இல்ல. நாடகமும் அரங்கியலும். ரெண்டு வருசமா.”

டொக்டர் ஏசினார். அந்த ஏச்சில் ஒரு சொல்லும் பிழையில்லை. விறாந்தை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பாதியில் அம்மா எனக்கு முன்னால் வந்து நின்றார்.

“அவன ஏசாதீங்க ஐயா. வாளியக் கவிழ்த்து இருத்தி, வரிசையில ஆக்கள நிக்க வெச்சது நான்தான். என்னை ஏசுங்க.”

அம்மாவைவிட எவ்வளவோ இளையவரான அந்த டொக்டருக்கு முன்னால், அம்மா தலையைக் குனிந்துகொண்டு மிச்ச ஏச்சையும் வாங்கினார். அம்மா வீட்டுக்குள் வேண்டும் என்று ஆசைப்பட்ட மாதிரியான ஒரு டொக்டர்தான் அவர். என் உயிர் அந்த இடத்திலேயே போயிருக்கலாம் என்று நினைத்தேன்.

விதுர்ஷா மூன்றாம் நாள் எழும்பி இருந்து பிஸ்கட் கேட்டாள். புஸ்பம் அக்கா என்னோடு பேசவில்லை. பேசாமல் விட்டதோடு விட்டாரே என்று நன்றி சொல்ல வேண்டும். அந்த மூன்று நாளும் அம்மா வார்டு வாசலிலேயே இருந்தார். பிள்ளை பிஸ்கட் தின்பதைப் பார்த்த பிறகுதான் என்னிடம் வந்தார்.

“நாடகம் எண்டு சொன்னியே. அது படிச்சாலும் கம்பஸ் போகலாமா?”

“போகலாம் அம்மா.” பிறெண்டா ரீச்சர் காட்டியதையெல்லாம் சொன்னேன். மூன்று பாடம், இசட் புள்ளி, எங்கள் மாவட்டம், விண்ணப்பம், எல்லாம். அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

“அதில நீ கெட்டிக்காரனா?”

“ஓம் அம்மா. வகுப்பில நான்தான் முதலாம் ஆள்.”

என் வாயிலிருந்து அம்மாவுக்கு இரண்டு வருடத்தில் வந்த முதல் பெருமையான உண்மை அது. குரல் நடுங்கவில்லை. கண்ணை நேராகப் பார்த்தேன். தவளை வெட்டியாச்சு என்று சொன்னபோதும் என் குரல் இப்படித்தான் இருந்தது.

அம்மா என் முகத்தில் எதையோ தேடினார். பிறகு புஸ்பம் அக்காவின் பக்கம் திரும்பி, “இது மெய்யா எண்டு நீ ஒருக்கா அந்த ரீச்சரிட்ட கேட்டுப் பாக்கிறியா புள்ள?” என்றார்.