நடுவில் மிச்சமிருந்த புல்

அறுத்துப் போட்ட புல்வரிசையில் என் மகளின் செருப்பு கிடந்தது. ஒன்றுதான். குதிகால் பக்கம் மெஷின் பட்டுச் சீவியிருந்தது.

கொழுந்தனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தவள் நான். கையிலிருந்த கேன் எங்கே விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. வாண்டு வீட்டுக்குள் படம் வரைந்துகொண்டிருக்கிறாள் என்றல்லவா நினைத்திருந்தேன்! ஆறு வயசு. ஓரிடத்தில் உட்காரவைக்க வேண்டுமானால் கட்டித்தான் போடவேண்டும், அப்படியொரு பிறவி.

வயலின் அந்தக் கோடியில் அறுப்பு மெஷினை இழுத்துக்கொண்டு கொழுந்தனின் டிராக்டர் வளைந்துகொண்டிருந்தது. கொழுந்தனுக்கு எல்லோரும் வைத்திருக்கும் பெயர் 'அவசரம்'. புல் அறுக்க வந்தால் வெளி ஓரத்தில் ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி உள்ளே வந்து, நடுவில் கொண்டுபோய் முடிப்பான். எங்கும் நிறுத்தித் திருப்பவேண்டாம், வேலை சீக்கிரம் முடியும். நெஞ்சுயரத் தீவனப் புல். போதாக்குறைக்குக் காதில் சத்தத்தைத் தடுக்கிற ஹெட்போன் வேறு.

"தம்பி! நிறுத்துங்க! தம்பீ!"

இடி விழுந்தாலும் அவனுக்குக் கேட்காது. ஓடினேன்.

அவள் எதற்காக உள்ளே போனாள் என்பது எனக்கு உடனே தெரிந்துவிட்டது.  போன வருஷம் வரைக்கும் இது மூன்று துண்டு நிலம். இடையிடையே புதர்வேலி, அகலமான புல்வரப்பு, தாழ்ந்த மூலையில் ஒரு குட்டை. தேனீ, ஓணான், முயல், பேர் தெரியாத மஞ்சள் பூ என்று அந்த வரப்பில் இல்லாதது இல்லை. காடைகள் அங்கேதான் முட்டையிடும். வாண்டு செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி போய்ப் பார்த்துவிட்டு வருவாள். டிராக்டர் திரும்ப இடைஞ்சல் என்று புதரைப் பிடுங்கி, குட்டையை மூடி, எல்லாவற்றையும் ஒரே வயலாக்கினோம். கூடவே இன்னும் கொஞ்சம் புல் கிடைக்குமே என்று நானும் பெரிதாகத் தலையாட்டினேன். வரப்பு போனால் காடை எங்கே போகும்? புல்லுக்குள் போனது. அது போன இடத்துக்கு இவளும் போயிருக்கிறாள்.

எனக்கு முன்னால் புல்லிலிருந்து ஒரு முயல் வெளியே பாய்ந்தது. அப்பாடா, இதைப்போல அவளும் சத்தம் கேட்டு ஓடி வந்துவிடுவாள் என்று நினைத்தேன். முயல் மொட்டை வயலைப் பார்த்தது. ஒதுங்க ஒரு செடி இல்லை. நின்றது, திரும்பி மறுபடியும் புல்லுக்குள்ளேயே ஓடிவிட்டது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பயந்தது எதுவுமே வெளியே வராது, நடுவுக்குத்தான் போகும். டிராக்டரும் நடுவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

அதன் முன்னால் போய் நின்றேன். நின்றேன் என்பது பெரிய வார்த்தை, விழுந்தேன். பிரேக் கிறீச்சிட்டது.

"என்ன அண்ணி இது, சாகப் பார்த்தீங்களே!" என்று கத்திக்கொண்டே குதித்தான்.

செருப்பை நீட்டினேன். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"நான்... நான் எதையும் பார்க்கல அண்ணி. சத்தியமா."

மெஷினுக்குப் பின்னால் போக இருவருக்கும் கால் வரவில்லை. கடைசியில் அவன்தான் போனான். குனிந்து புல்லை விலக்கினான். ரத்தம் இருந்தது. என் தொண்டையிலிருந்து வந்த சத்தம் என்னுடையது மாதிரியே இல்லை.

"முயல், அண்ணி! முயல்தான்!" என்றான். அவனே அழுதுகொண்டிருந்தான்.

மிச்சமிருந்த புல் ஒரு வீட்டளவுகூட இல்லை. இன்னும் இரண்டு சுற்றில் முடிந்திருக்கும். கூப்பிட்டேன். கெஞ்சினேன். தோலை உரிச்சிடுவேன் என்று மிரட்டினேன்.  எல்லாச் சாமியையும் கூப்பிட்டபடி புல்லைப் பிளந்துகொண்டு உள்ளே போனேன்.

முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அவளுக்கு எட்டும் தூரத்தில், தரையோடு ஒட்டிக்கொண்டு ஒரு காடை முட்டைமேல் படுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தாள்.

"கத்தாதம்மா. அது பயப்படுது."

"அடிப் பாவி! கூப்பிட்டது கேட்கலையா? மெஷின் வர்றது தெரியல? எழுந்து ஓடி வர வேண்டியதுதானே!"

"நான் வந்துட்டா சித்தப்பா இதை வெட்டிடுவாரு." ஒன்றும் தெரியாத அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். "நான் இருந்தா நிறுத்திடுவாருல்ல?"

பின்னால் வந்த கொழுந்தன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நீ இருக்கிறதே எனக்குத் தெரியாதும்மா. மேலேருந்து பார்த்தா வெறும் புல்லுதான் தெரியும்."

"சும்மா சொல்றீங்க," என்று சிரித்தாள். "இதோ நிறுத்திட்டீங்களே!"

அறையத்தான் கை ஓங்கினேன். அவளை வாரி இடுப்பில் தூக்கிக்கொண்டேன். பறவை அசையவில்லை. அதைச் சுற்றியிருந்த புல்லை அப்படியே விட்டுவிட்டு மொட்டை வயலில் நடந்தோம்.

பாதி வழியில் என் தோளுக்கு மேலாகக் கொழுந்தனைப் பார்த்துக் கேட்டாள்.

"மறுபடியும் எப்ப அறுப்பீங்க சித்தப்பா? முன்னாடியே சொல்லிடுங்க. நான் வந்து உட்கார்ந்துக்கறேன்."

அவன் வாயைப் பொத்திக்கொண்டான். வீடு வந்து சேர்ந்த பிறகும் அவளைக் கீழே இறக்கிவிட எனக்குப் பயமாயிருந்தது.