தலையணை வயிறு

வாடகைத் தாய் மூலம் குழந்தை பெறும் மனைவி, ஊருக்குத் தானே கர்ப்பிணி என்று நடிக்கும் காமெடிப் படம். பொழிச்சலூரில் ஒரு வீட்டுக் கூடத்தில் வளைகாப்புக் காட்சி எடுத்தார்கள். கதாநாயகி சரோஜினி வேனிலிருந்து இறங்கும்போதே வயிற்றில் தலையணை கட்டியிருந்தாள். வீட்டுக்காரி சாமுண்டீஸ்வரி அதை நிஜ வயிறென்றே நம்பிவிட்டாள். முதல் ஷாட் முடிந்ததும் கையை நீட்டினாள்.

“எனக்குக் கொழந்த இல்லம்மா. புள்ளத்தாச்சி கையால வளையல் போட்டுகினா பொறக்கும்னு சொல்றாங்க. ஒண்ணு போட்டு வுடும்மா.”

யூனிட்டில் சிலர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். சரோஜினி ஒரு கண்ணாடி வளையலை எடுத்துப் போட்டுவிட்டாள்.

அடுத்த ஷாட்டில் தலையணை நழுவி விழ வேண்டும். அதுதான் காமெடி.

“சார், அந்தம்மாவ வெளிய அனுப்புங்க, ப்ளீஸ்” என்று இயக்குநரிடம் கெஞ்சினாள்.

“அவங்க வீட்டுலேர்ந்து அவங்களையே எப்படிம்மா அனுப்புறது? வெளிச்சம் போகுது, வந்து நில்லு.”

கேமராவுக்குப் பக்கத்தில், வளையல் உடையாமல் மறு கையால் பொத்திக்கொண்டு, சாமுண்டீஸ்வரி சிரித்தபடி நின்றாள்.

“ஆக்‌ஷன்!”